பலகை மாறாத பேருந்து: காசநோய்க் கிருமி நம் செல்லின் கட்டளைகளைத் திருத்தும் விதம்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டும் உறவினர் ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதத்திலேயே மாலைக் காய்ச்சல் நின்று, இறங்கிய எடையும் திரும்ப ஏறத் தொடங்கியது. நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தியவன் என்பதால் ஒருநாள் என்னிடம் கேட்டார்: “கிருமிய வெள்ளணு முழுங்கிடுதுன்னு டாக்டரே சொல்றாரு. முழுங்கினா செரிக்கணும் இல்ல மாமா? உள்ள போயும் அது எப்படி உசுரோட இருக்குது?”

ஆறு மாதம் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும் என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செரிமானத்தைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். காசநோய் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான். அதற்கான பதிலின் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படாமல் போவதற்குக் காரணம் அதன் உடல் உறுதி மட்டுமன்று, செரிக்கச் சொல்லும் கட்டளை உரிய இடத்துக்குப் போய்ச் சேராதபடி அது பார்த்துக்கொள்கிறது என்பதே. அந்தக் கட்டளை எது, அது எந்த இடத்தில் அறுபடுகிறது, அதைக் கிருமி எதைக்கொண்டு அறுக்கிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் பதில் நீளுகிறது.

இருமும்போது வெளியேறும் மிக நுண்ணிய துளிகளில் ஏறி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும் கிருமியை அங்கே முதலில் எதிர்கொள்வது பெருவிழுங்கி என்னும் வெள்ளணு வகை. பெருவிழுங்கி தன் சவ்வை நீட்டிக் கிருமியை வளைத்துப் பிடித்து உள்ளே இழுக்கும்போது, கிருமியைச் சுற்றி அதே சவ்வு ஒரு பையாக மூடிக்கொள்கிறது. இதை விழுங்குபை என்போம். சாதாரணக் கிருமியாக இருந்தால் இந்தப் பை செல்லுக்குள் நகர்ந்துகொண்டே அமிலமேறி, கடைசியில் செரிப்பு நொதிகள் நிறைந்த லைசோசோமோடு கலந்துவிடும். உள்ளே இருந்தது கரைந்துபோகும். செல்லுக்கு இது அன்றாட வேலை.

காசநோய்க் கிருமியின் விஷயத்தில் இந்த வேலை நடப்பதில்லை என்பதை 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களால் காட்டினார்கள். லைசோசோம்களில் முன்கூட்டியே ஓர் அடையாளப் பொருளை ஏற்றிவைத்துவிட்டு, கிருமி இருக்கும் பைக்குள் அது வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். இறந்த கிருமி இருந்த பைகளில் அது வந்து சேர்ந்தது. உயிருள்ள கிருமி இருந்த பைகள் பெரும்பாலானவற்றில் வரவில்லை. இரண்டுக்கும் மேலுறை ஒன்றுதான், மெழுகு ஒன்றுதான். ஆகவே செரிமானத்தைத் தடுப்பது தடித்த தோல் மட்டுமாக இருக்க முடியாது, உயிருள்ள கிருமி தொடர்ந்து செய்யும் ஏதோ ஒரு செயல்தான் என்பது அந்தப் படங்களிலிருந்தே தெளிவாயிற்று. 1994-இல் டேவிட் ரஸ்ஸல் குழுவினர் இன்னொரு படி மேலே சென்று, அந்தப் பையின் சவ்வில் அமிலத்தை உள்ளே தள்ளும் புரோட்டான் பம்பே போதிய அளவு இல்லை என்று கண்டார்கள். பையின் அமிலநிலை பிஎச் 6.4 அளவிலேயே நின்றுவிடுகிறது. அது 5 வரை இறங்கியிருக்க வேண்டும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், 1.4 என்ற சின்ன வித்தியாசம் உண்மையில் ஏறத்தாழ 25 மடங்கு அமிலக் குறைவு.

இனி, கட்டளை என்று நான் சொல்வது எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொரு புரதத்துக்குச் செய்தி சொல்லும் வழிகளில் மிகப் பரவலானது, அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவதும் ஒட்டியதை எடுப்பதும்தான். ஒட்டும் நொதிக்குக் கைனேஸ் என்றும், எடுக்கும் நொதிக்குப் பாஸ்பட்டேஸ் என்றும் பெயர். எங்கள் பக்கத்தில் தறி தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு அட்டையில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதை வைத்துத்தான் எந்த இழை மேலே எழும் என்பது தீர்மானமாகிறது. தறியை உடைக்காமலே, அட்டையில் நாலு ஓட்டையை அடைத்து நாலு ஓட்டையைப் புதிதாகக் குத்திவிட்டால், தறி பழுதில்லாமல் ஓடும், ஆனால் விழுகிற பூ வேறாக இருக்கும். காசநோய்க் கிருமி செய்வது ஏறக்குறைய இதுதான். 1998-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும் சுமார் 4,000 மரபணுக்களும் கொண்ட அந்தச் சிறிய உயிரிடம், நம்முடைய செல்களில் உள்ளவற்றை ஒத்த கைனேஸ்கள் பதினொன்று இருப்பது தெரியவந்தது. நம் மொழியில் எழுதத் தெரிந்த உயிர் அது.

முதல் திருத்தம் விழுங்குபையின் பயணத்தில் நடக்கிறது. செல்லுக்குள் நகரும் ஒவ்வொரு பையும் தன் சவ்வின் மேல் ராப் என்னும் சிறு புரதங்களில் ஒன்றை ஏந்திச் செல்கிறது. திருத்தணிக்கும் நகரிக்கும் புத்தூருக்கும் இடையே போய்வருகிறவர்கள், பேருந்தின் நெற்றியில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் தெலுங்குப் பலகைக்காகக் காத்திருப்பதும் உண்டு. ராப் புரதமும் அப்படி ஒரு பலகைதான். புதிதாக உருவான பையில் ராப்-5 இருக்கும். சற்று நேரத்தில் அது கழற்றப்பட்டு ராப்-7 ஏறும். ராப்-7 ஏறிய பையை மட்டுமே லைசோசோம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். காசநோய்க் கிருமி இருக்கும் பையில் ராப்-5 பலகை அப்படியே இருக்கிறது, ராப்-7 வருவதில்லை என்று 1997-இல் கண்டறிந்தார்கள். பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் புறப்பட்ட ஊரின் பெயரோடே சுற்றுகிறது. இதில் கிருமிக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ராப்-5 நிலையில் உள்ள பைகளுக்குத்தான் செல்லின் இரும்புச் சத்து தாங்கிய சரக்கு வந்துபோகும், கிருமிக்கு இரும்பு தேவை.

பலகை மாறாமல் நிற்பது எதனால்? பையின் சவ்வில் பாஸ்பேட் ஏறிய ஒரு கொழுப்பு மூலக்கூறு உருவாக வேண்டும். அதன் மேல்தான் அடுத்தகட்டப் புரதங்கள் வந்து உட்காரும். கிருமி இதை இரண்டு பக்கத்திலிருந்து கெடுக்கிறது. அதன் மேலுறையில் உள்ள, மேனோஸ் சர்க்கரை பூசிய லைப்போஅராபினோமன்னான் என்னும் நீண்ட மூலக்கூறு சவ்வில் கலந்து, அந்தக் கொழுப்பை உருவாக்கும் கைனேஸை எழுப்பும் கால்சியச் சமிக்ஞையை அடக்குகிறது. அதையும் மீறி உருவாகிற கொஞ்சநஞ்சத்தைச் சாப்-எம் என்னும் பாஸ்பட்டேஸை வெளியே விட்டு அழிக்கிறது. பிடிபி-ஏ என்னும் இன்னொரு பாஸ்பட்டேஸின் வேலை இதைவிட நுணுக்கமானது. பைகள் ஒன்றோடொன்று சேர்வதை ஒழுங்குபடுத்தும் நம் புரதம் ஒன்றின் மேலிருந்து அது பாஸ்பேட்டை எடுத்துவிடுகிறது. அதைச் செய்வதற்கு வசதியாக, புரோட்டான் பம்பின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு, பம்பையும் பை பக்கம் வரவிடாமல் செய்கிறது. ரஸ்ஸல் குழு 1994-இல் கண்ட பம்புக் குறைவுக்கு 2011-இல்தான் இப்படி ஒரு மூலக்கூறு விளக்கம் கிடைத்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பாடநூல்களில் இவை எல்லாம் ஒரே அம்புக்குறிப் படத்தில், ஒன்றோடொன்று பொருந்தியவையாக வரையப்பட்டிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் தனித்தனியே எடுத்துப் படித்தால் அவ்வளவு பொருத்தம் இல்லை. கால்சியத்தையே எடுத்துக்கொள்வோம். கிருமி நுழையும்போது செல்லுக்குள் கால்சியம் உயர்வதில்லை, அந்த உயர்வைக் கிருமி தடுக்கிறது என்று ஒரு வரிசை ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் பாசலில் உள்ள ழான் பீட்டர்ஸின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வோ, பையின் மேல் ஒட்டிக்கொள்ளும் கொரோனின்-1 என்னும் நம் புரதத்தின் வழியாகக் கால்சியம் உயர்கிறது, அது கால்சினியூரின் என்னும் பாஸ்பட்டேஸை எழுப்புகிறது, அந்த எழுச்சிதான் பையை லைசோசோமிலிருந்து விலக்கி வைக்கிறது என்கிறது. கால்சினியூரினை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது கிருமி லைசோசோமுக்குப் போய்விட்டதையும் அது காட்டியது. கால்சியம் இறங்கினால் கிருமிக்கு நல்லதா, ஏறினால் நல்லதா? செல்லின் எந்த மூலையில், எந்த நிமிடத்தில், எந்த வழியில் நுழைந்த கிருமி என்பதைப் பொறுத்து இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் கருத்து. சமிக்ஞை என்பது அளவை மட்டும் பொறுத்ததன்று, இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அதே பாசல் குழு 2004-இல் வெளியிட்ட பிகேஎன்-ஜி கைனேஸ் ஆய்விலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. அந்தக் கைனேஸ் இல்லாத கிருமி லைசோசோமுக்குப் போய்ச் செத்துவிடுகிறது என்பது சரி. ஆனால் அதே கைனேஸ் கிருமியின் சொந்த வளர்சிதை மாற்றத்தையும் நடத்துகிறது என்பதால், அது நம் செல்லைத் திருத்த முடியாமல் செத்ததா, தன் வீட்டு அடுப்பு எரியாமல் செத்ததா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

பையின் பயணத்தைத் தடுத்தால் மட்டும் போதாது, பெருவிழுங்கி எழுப்பும் கூச்சலையும் அடக்க வேண்டும். செல்லின் மேற்பரப்பில் டோல் ஏற்பிகள் என்னும் காவல் புரதங்கள் உள்ளன. அவற்றில் 2-ஆம் எண் ஏற்பி கிருமியின் கொழுப்புப் புரதங்களைத் தொட்டதும் எச்சரிக்கை மரபணுக்களை எழுப்பும். விந்தை என்னவென்றால், இதே ஏற்பியையே கிருமி அடக்குவதற்கும் பயன்படுத்துகிறது. கிருமி வெளியே விடும் ஈசாட்-6 என்னும் சிறு புரதம் இந்த ஏற்பியோடு நேரடியாகப் பிணைந்து, எச்சரிக்கைச் சங்கிலியின் தொடக்கக் கண்ணிகள் ஒன்றோடொன்று சேரவிடாமல் செய்கிறது என்று கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தினர் 2007-இல் காட்டினார்கள். 19 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு கொழுப்புப் புரதம், அதே ஏற்பியை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருப்பதன் மூலம், கிருமியின் துண்டுகளை டி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களுக்கு எடுத்துக் காட்டும் வேலையை மங்கச் செய்கிறது. டி செல் வந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்தி மூலக்கூறைச் சுரந்தாலொழியப் பெருவிழுங்கிக்கு முழுப் பலம் வராது. இன்டர்ஃபெரான் காமாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குச் சாதாரண பிசிஜி தடுப்பூசியே நோயாக மாறிவிடுகிறது என்பதிலிருந்து அந்தச் சமிக்ஞையின் எடை தெரியும்.

இன்னொரு வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்ளிக் ஏஎம்பி என்பது நம் செல்களின் மிகப் பழைய தூதுமூலக்கூறு. அதை உருவாக்கும் நொதி ஈ.கோலை நுண்ணுயிரியில் ஒன்றே ஒன்று. காசநோய்க் கிருமியிலோ பதினைந்துக்குக் குறையாது. இத்தனை எதற்கு என்பது புதிராகவே இருந்தது. கிருமி விழுங்கப்பட்டவுடன் பெருவிழுங்கிக்குள் இந்த மூலக்கூறை ஒரே வீச்சில் கொட்டி, செல்லின் சொந்தக் கைனேஸ்களை ஏமாற்றுகிறது என்று 2009-இல் வந்த ஆய்வு அந்தப் புதிரில் ஒரு பகுதியை அவிழ்த்தது.

நான் இதுவரை சொன்னவை எல்லாம் கிருமி பைக்குள் அடங்கியிருப்பதாக வைத்துச் சொன்னவை. அது பையை ஓட்டையும் போடுகிறது. ஈசாட்-6-ஐ வெளியே அனுப்பும் ஈஎஸ்எக்ஸ்-1 என்னும் சுரப்புக் குழாயமைப்பும், கிருமியின் மேலுறை மெழுகு ஒன்றும் சேர்ந்து விழுங்குபையின் சவ்வைக் கிழிக்கின்றன. அப்போது கிருமியின் டிஎன்ஏ செல்லின் நடுவெளியில் கசிகிறது. டிஎன்ஏ உட்கருவுக்கு வெளியே தென்பட்டால் அது பெரும்பாலும் வைரஸ் வந்ததன் அடையாளம் என்றே நம் செல் எடுத்துக்கொள்ளும். சி-காஸ் என்னும் உணரி அதைத் தொட்டு ஸ்டிங் என்னும் புரதத்தை எழுப்ப, செல் முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. இந்தப் பாதையை 2012-இலும் 2015-இலும் வெளிவந்த ஆய்வுகள் படிப்படியாக வரைந்தன.

வைரஸுக்கு எதிராக இந்த இன்டர்ஃபெரான் அருமையான ஆயுதம். காசநோயில் அது பெரும்பாலும் தவறான ஆயுதம். அது இன்டர்லூக்கின்-1 என்னும், இங்கே உண்மையாகத் தேவைப்படும் செய்தியைத் தாழ்த்துகிறது. இன்டர்ஃபெரான் காமாவின் பேச்சையும் கேட்கவிடாமல் செய்கிறது. இரண்டுக்கும் பெயரில் இன்டர்ஃபெரான் இருப்பதால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள். நான் வகுப்பில் இவற்றை ஒரே பெயர் வைத்த இரண்டு பங்காளிகள், ஒருவர் சொல்வதற்கு எதிராகவே மற்றவர் பேசுவார் என்று சொல்வது வழக்கம். லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, முற்றிய காசநோயாளிகளின் வெள்ளணுக்களில் இந்த முதல் வகை இன்டர்ஃபெரானின் கைரேகை பதிந்திருப்பதைக் காட்டியது. சோதனைக்குழாய்ச் செல்லில் பார்த்தது மனிதரின் இரத்தத்திலும் தெரிந்த இடம் என்பதால் எனக்கு இது முக்கியமான ஆய்வாகப் படுகிறது.

ஈஎஸ்எக்ஸ்-1 எங்கள் வட்டாரத்துக்கு வேறொரு வழியிலும் சம்பந்தப்பட்டது. கால்மெட், கெரான் இருவரும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியதுதான் பிசிஜி தடுப்பூசி. சாதுவானதற்கு முதன்மையான காரணம், அந்த வளர்ப்பின்போது அதன் மரபணுத் தொகுதியிலிருந்து ஈசாட்-6 உள்ளிட்ட ஒரு துண்டு உதிர்ந்துபோனதே என்று பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. பையைக் கிழிக்கும் கத்தி இல்லாத கிருமி அது. அந்தத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த 1948-ஆம் ஆண்டிலேயே அது போடப்பட்ட முதல் இடங்களில் ஒன்று, அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி. பிறகு 1968-இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் என்று அறியப்படும் பக்கங்களை உள்ளடக்கி, ஏறத்தாழ 2,80,000 பேருக்குப் பிசிஜியோ போலி ஊசியோ போட்டு, உலகத்தின் மிகப் பெரிய காசநோய்த் தடுப்பூசிச் சோதனை நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பதே 1979-இல் வந்த முதல் அறிக்கையும் 15 ஆண்டுத் தொடர்ச்சிக்குப் பின் 1999-இல் வந்த அறிக்கையும் சொன்ன முடிவு. குழந்தைகளின் மூளைக் காசநோயையும் உடல் முழுதும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது, அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம்.

இந்தத் தோல்விக்குக் கத்தி இல்லாமைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள தீங்கற்ற உறவுக் கிருமிகள் முன்னமே உடலைப் பழக்கிவைத்திருந்தது உட்பட வேறு விளக்கங்கள் உண்டு. ஆயினும், கத்தியற்ற கிருமி பையிலேயே கிடந்து எழுப்பும் சமிக்ஞைகளும், பையைக் கிழித்த கிருமி எழுப்பும் சமிக்ஞைகளும் வேறு என்பதால், அதைக் கொண்டு பழகிய உடல் உண்மைக் கிருமியை முழுதாக அறிந்ததாகாது என்ற எண்ணம் புதிய தடுப்பூசிகளை வடிவமைப்பவர்களிடம் இருக்கிறது. இந்தியாவில் நோயாளிகளின் வீட்டாரிடம் சோதிக்கப்பட்ட விபிஎம்1002 என்னும் தடுப்பூசி, பைச்சவ்வைத் துளைக்கும் வேறொரு நுண்ணுயிரியின் புரதத்தைப் பிசிஜிக்குள் செருகி உருவாக்கப்பட்டதுதான்.

கிருமி செல்லுக்குள் பெருகியபின் அந்தச் செல் எப்படிச் சாகிறது என்பது அடுத்த திருத்தம். நோயாளியின் நுரையீரலில் குழி விழுவதா இல்லையா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். பெருவிழுங்கி தனக்கு முடியவில்லை என்று தெரிந்தால், ஒழுங்காகத் தன்னைத் தானே மடித்துக்கொண்டு, கிருமியோடு சேர்ந்து சிறு பொட்டலங்களாகிச் சாகும். பக்கத்துச் செல்கள் வந்து பொட்டலத்தை விழுங்கிச் செரிக்கும். கிருமிக்கு இது இழப்பு, ஆகவே இதைத் தடுக்கும் மரபணுக்கள் அதனிடம் உள்ளன. செல் வெடித்துச் சிதறிச் செத்தால் கிருமிக்கு ஆதாயம்: வெளியே வரலாம், கசிந்த கொழுப்பைத் தின்னலாம், அடுத்த செல்லைத் தேடலாம். டிஎன்டி என்று பெயரிடப்பட்ட அதன் நச்சு செல் ஆற்றலை உருவாக்கத் தேவையான என்ஏடி என்னும் மூலக்கூறை வெட்டிச் செல்லை இப்படி வெடிக்கச் செய்கிறது என்று 2015-இல் தெரிந்தது. முதலில் தடு, பெருகியபின் வெடி என்பது இதன் வரிசை.

இதில் டிஎன்எஃப் என்னும் செய்தி மூலக்கூறின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃபை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி புழக்கத்துக்கு வந்தபின், அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியதாக 70 பேரின் விவரங்களோடு 2001-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஆகவே டிஎன்எஃப் குறைந்தால் ஆபத்து. ஆனால் பரோடாவில் மருத்துவம் படித்த லலிதா ராமகிருஷ்ணனின் குழு, கண்ணாடி போன்ற உடலுள்ள வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான கடற்கிருமி ஒன்றைச் செலுத்தி, செல் செல்லாகக் கண்ணால் பார்த்து, டிஎன்எஃப் மிகுந்தாலும் அதே ஆபத்து என்று காட்டியது. அது மிகும்போது பெருவிழுங்கியின் மைட்டோகாண்ட்ரியாவில் வினைமிகு ஆக்சிஜன் பெருகுகிறது. கிருமி முதலில் சாகிறது, பின் செல்லும் வெடிக்கிறது, எஞ்சிய கிருமிகள் வெளியே வந்து தடையின்றிப் பெருகுகின்றன. உப்பு குறைந்தாலும் கூடினாலும் கறி கெடும் என்பது போன்றதுதான் இது, ஆனால் எவ்வளவு உப்பு என்பது மீனுக்கு மீன், ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதே சிக்கல்.

மூளைக் காசநோயில் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் கொடுக்கப்படுவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று வியட்நாமில் நடந்து 2004-இல் வெளியான சோதனை காட்டியது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஒரு மருந்து, கிருமி இருக்கும்போதே உயிரைக் காப்பாற்றுகிறது. அதே ஸ்டீராய்டை வேறு நோய்க்காக நீண்டநாள் தின்றவருக்கு உறங்கும் காசநோய் எழுந்துவிடுகிறது. இரண்டும் ஒரே மருந்தின் வேலை. கிருமி நம்மைத் தின்பதைவிட, கிருமியின் தூண்டுதலால் நம் செல்கள் இடும் கட்டளைகளே இந்த நோயின் பெரும் சேதத்துக்குக் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நுரையீரலின் நாரைக் கரைத்துக் குழி பறிக்கும் நொதிகளும் கிருமியுடையவை அல்ல, அவை நம்முடைய செல்கள் சுரக்கும் நொதிகளே.

இவ்வளவும் எந்தக் கிருமியைக் கொண்டு அறியப்பட்டது என்று கேட்பது நம் ஊர்க்காரர்களுக்கு உரிமையான கேள்வி. ஆய்வகங்களில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது எச்37ஆர்வி என்னும் வகை. அதன் மூதாதை 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. பல ஆய்வுகள் சுண்டெலியின் பெருவிழுங்கிகளில் நடந்தவை. தென்னிந்தியாவில் மிகுதியாக உள்ளது முதலாம் மரபுவழி என்று அழைக்கப்படும் பழைய கிளை. பிற்காலக் கிளைகள் இழந்துவிட்ட ஒரு மரபணுத் துண்டை அது இன்னும் வைத்திருக்கிறது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைவிடக் கினிப் பன்றிகளில் சாதுவாக இருந்தன என்று மிட்சிசன் முதலானோர் 1960-லேயே கண்டிருக்கிறார்கள். ஒரு கிளையின் கிருமி அதிகம் கூச்சல் எழுப்பும், இன்னொன்று ஓசையின்றி இருக்கும் என்றால், பாடநூலின் அம்புக்குறிப் படம் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

மருந்தின் பக்கம் வருவோம். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் திறக்கப்பட்ட சானடோரியம் போன்ற இடங்களில் மலைக்காற்று, பால், படுக்கை ஓய்வு என்று மாதக்கணக்கில் வைத்திருந்தது உடம்பைத் தேற்றினால் உடம்பே கிருமியை வெல்லும் என்ற நம்பிக்கையில். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மாத்திரை கொடுத்தால் நெரிசலான வீட்டில் இருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைகிறார் என்று காட்டியபின் அந்தக் காலம் முடிந்தது. கிருமியைக் கொல்வதே சிகிச்சை என்றாயிற்று. இப்போது ‘ஓம்புயிர் (கிருமி குடியிருக்கும் உடல்) சார்ந்த சிகிச்சை’ என்று பேசப்படுவது, பழைய சானடோரியக் கனவு மூலக்கூறு வடிவில் திரும்பி வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிருமியை மருந்து கொல்லட்டும், கிருமி திருத்திய கட்டளையை வேறொரு மருந்து திரும்பத் திருத்தட்டும் என்பது இதன் எண்ணம். பெருவிழுங்கிக்குள் புகுந்த கிருமி, மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளை எழுப்பிக்கொண்டு அதைத் தாங்கப் பழகுகிறது என்று தெரிந்ததால் இந்த எண்ணத்துக்கு வலுக் கூடியது. ஆறு மாதம் மாத்திரை நீள்வதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

சொல்வது எளிது, செய்வது கடினம். கிருமியின் நொதியை அடக்கும் மருந்துக்கு நம் உடம்பில் பெரிதாக வேறு வேலை இல்லை. நம் செல்லின் சமிக்ஞையைத் தொடும் மருந்தோ அதே சமிக்ஞை நடத்தும் மற்ற ஆயிரம் வேலைகளையும் தொடும். வைட்டமின் டி ஏற்பி வழியாகப் பெருவிழுங்கி கிருமிக்கொல்லிப் புரதம் ஒன்றைச் சுரக்கிறது என்று 2006-இல் வந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. நோயாளிகளுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்த நம்பிக்கைக்குத் தக்க பலன் வரவில்லை.

எங்கள் பகுதியில் காசநோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு, அதற்கு மெட்ஃபார்மின் தின்பவர்களே அதிகம் என்பதால் கடைசியாக அதைச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் செல்லின் ஆற்றல் அளவைக் கண்காணிக்கும் ஏஎம்பி கைனேஸை எழுப்பும் மருந்து. அது எழுந்தால் விழுங்குபை லைசோசோமோடு சேர்வது கூடுகிறது, சுண்டெலிகளில் நுரையீரல் சேதம் குறைகிறது என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதாவது பலகையை மாற்றச் சொல்லும் ஒரு கட்டளையை அது திரும்பக் கொண்டுவருகிறது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனத்தினர், சர்க்கரை இல்லாத காசநோயாளிகளுக்கு வழக்கமான மாத்திரையோடு மெட்ஃபார்மினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. ஆனால் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் தணிந்தன, எக்ஸ்-ரேயில் நுரையீரலின் சேதம் குறைந்து காணப்பட்டது.

இதைச் சொன்னபோது உறவினர், தன் வீட்டில் அம்மாவுக்கு வாங்கி வைத்திருக்கும் சர்க்கரை மாத்திரையில் பாதியைத் தானும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். சர்க்கரை இல்லாதவருக்குக் காசநோய்க்காக அதைக் கொடுக்க இன்னும் எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை, உங்கள் மாத்திரையை ஆறாம் மாதம் முடியும்வரை தவறாமல் போடுங்கள் என்றேன். செரிக்கும் பை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். ராப்-5 என்று எழுதிய இடத்தில் அவர் தெலுங்கில் ‘நகரி’ என்று எழுதிக்கொண்டார்.